தொட்டி எந்தப் பக்கம் சாயும்?

கேமரன் மலைக் குளிரில் தழைக்கிற ஜீவராசிகள் பல. அட்டை உண்டு, முட்டைக்கோஸை ஓட்டை போடும் பச்சைப் புழு உண்டு, ஆளைக் கண்டாலும் அசையாத காட்டுப்பன்றி உண்டு. இவற்றுக்கெல்லாம் மருந்தோ வேலியோ எதையாவது கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்தே இல்லாத ஜீவன் ஒன்று இருக்கிறது. இங்கே பேச்சு அதைப் பற்றித்தான். இரண்டு கால், ஒரு மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பேனா. "அதெல்லாம் எங்கேயும் ஒண்ணுதான் லா" என்று அடிக்கடி சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இதற்கு 'கேட்டறியாதவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

முட்டாள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முட்டாளுக்குச் சந்தேகம் வரும், கேட்பான். கேட்டறியாதவர் படித்தவர், கெட்டிக்காரர், தொழிலில் புலி. அவர் படித்த இடத்தில் ஒரு காரியத்தை ஒரு விதமாகச் செய்தார்களா, முடிந்தது. பூமி உருண்டையில் வேறு எவனும் அதை வேறு விதமாகச் செய்திருக்க முடியாது. எவனாவது செய்திருந்தால் அவன் தப்பு. பிடித்த முயலுக்கு மூன்றே கால், நாலாவது கால் தெரிந்தால் அது முயலின் அகம்பாவம்.

என்ஜினியர் சிவலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் படித்து, ஈப்போவில் வேலை பார்த்து, எண்பத்தேழாம் வருஷம் மலையேறி வந்தவர். பிரிஞ்சாங் என்ற ஊரில் ஹோட்டலில் தங்கிய முதல் நாளே குளிக்கும் அறையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தார். ஈப்போவில் அவர் வீட்டில் வலப்பக்கக் குழாயில் பச்சைத் தண்ணீர்; இங்கே வலப்பக்கம் வெந்நீர். இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு அவர் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "இங்கே வெந்நீர் எந்தப் பக்கம்?" என்றா? சேச்சே. "எந்த மடையன் இந்தக் குழாயைத் தப்பா போட்டான்?" என்றுதான் கேட்டார். மறுநாளும் வலப்பக்கத்தைத்தான் திறந்தார். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

தானா ராத்தாவில் நடந்த ஒரு கல்யாணத்தில், பெண்ணை மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் உட்கார வைத்ததைப் பார்த்துவிட்டு மணவறைக்கே போய் ஐயரைத் திருத்தினார். அமெரிக்காவிலிருந்து ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, அவர்கள் மாதத்தை முன்னால் எழுதியிருக்க, இவர் அதை நாளாகப் படித்து, கூட்டம் முடிந்து மாதக்கணக்கான பிறகு பெட்டி கட்டினார். ஊருக்கே சிரிப்பு. அவருக்கு மட்டும் அமெரிக்கர்கள்மேல் இரக்கம்.

இதில் வேடிக்கை, அவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் கேட்பதுதான் வழக்கம். ஒரு டிவிஷனில் ஆள் பற்றவில்லை என்று இன்னொரு டிவிஷன் பெண்களை லோரியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். இறங்கியதும் அவர்கள் வாயில் வரும் முதல் பேச்சு, "இங்க மொத நிரை எந்தப் பக்கம்?" என்பதுதான். ஒரு மலையில் ஆற்றோரத்திலிருந்து செடி நிரை எண்ணுவார்கள், இன்னொரு மலையில் ரோட்டோரத்திலிருந்து. கங்காணியும் கையை நீட்டிக் காட்டுவார். கேட்டதற்காக யாரும் யாரையும் கீழாக நினைத்ததில்லை. சிவலிங்கம் இதை ஜீப்பில் உட்கார்ந்தபடி பலமுறை பார்த்திருக்கிறார். 'பாவம், தெரியாத ஜனங்கள்' என்று நினைத்துக்கொள்வார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கம்போங் ராஜா பக்கத்தில் அந்தத் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனில், மலைச்சரிவில் நாலு காலில் நின்றது ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே தண்ணீர் அதிலிருந்துதான். தொட்டிக்கு மேலே மலை, தேயிலைச் செடிகள். தொட்டிக்குக் கீழே, பள்ளத்துப் பக்கம், ஆயாக்கொட்டகை. தாய்மார்கள் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். வேலாயிதான் ஆயா. வரிசையாகத் தொட்டில் கட்டி, ஒன்று அழுதால் காலால் ஆட்டிக்கொண்டே இன்னொன்றுக்குப் பால் புகட்டுகிற வித்தை தெரிந்தவள். ரோட்டை அகலப்படுத்தச் சரிவை வெட்டியதிலிருந்து தொட்டியைச் சுற்றித் தரையில் வெடிப்பு. வருஷக் கடைசி மழைக்கு மண் நகரலாம் என்று தெரிந்தது. தொட்டி எந்தப் பக்கம் சாயும்? மலைப்பக்கம் என்றால் நாலு செடி போகும். பள்ளத்துப் பக்கம் என்றால்?

அதைத்தான் தோட்டத்து மேனேஜர், துரை என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், சிவலிங்கத்திடம் கேட்டார். ஆயாக்கொட்டகையை மூடினால் பழைய ஸ்டோருக்குத்தான் மாற்ற வேண்டும். அது ஒழுகும், ஈரம் ஊறிய சுவர், பச்சைக் குழந்தைகளுக்கு ஆகாது. அதனால் சும்மா மாற்றவும் மனசில்லை. "மாத்தணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார்.

சிவலிங்கத்திடம் கம்ப்யூட்டர் இருந்தது. பிரிஞ்சாங்கில் காய்கறி மொத்தக் கடைக்கு மாடியில் அவர் ஆபீஸ். கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்த அந்தப் பெட்டிக்குள் ஒரு வெளிநாட்டு சாஃப்ட்வேர்: மலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமும் எப்படி அசையும் என்று கணக்குப் போடுவது. கூடவே செங்கல் கனத்தில் ஒரு விளக்கப் புத்தகம், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். அதன்மேல்தான் மைலோ குவளையை வைப்பார். வேலை தெரியாதவன்தான் புத்தகத்தைப் புரட்டுவான் என்பது அவர் கட்சி.

இங்கே கொஞ்சம் கணக்கு வரும். ஓடிவிடாதீர்கள், உங்கள் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த சாஃப்ட்வேர் ஓர் அட்டவணை அச்சடித்துத் தரும். மூன்று வரிசை, மூன்று பத்தி, ஒன்பது எண். கிரேடியண்ட் டென்சர் என்று வாய் நிறையப் பெயர். உள்ளே இருப்பது என்னவோ சாதாரணச் சங்கதி. ஒவ்வோர் எண்ணும் இரண்டு கேள்விக்குச் சேர்த்துப் பதில் சொல்கிறது: மண் எந்தத் திசையில் நகர்ந்தது? நாம் எந்தத் திசையில் போகப் போக அந்த நகர்வு கூடியது? உயரே போகப் போகப் பள்ளத்துப் பக்கம் நகர்வது கூடினால் தொட்டி பள்ளத்துப் பக்கம் சாய்கிறது. பள்ளத்துப் பக்கம் போகப் போகத் தரை மேலே எழும்பினால் தொட்டி மலைப்பக்கம் சாய்கிறது. முதல் கேள்வியை வரிசையில் வைப்பதா, பத்தியில் வைப்பதா? ஒரு சாரார் அப்படி, ஒரு சாரார் இப்படி. இரண்டு சாராரும் யோக்கியர்கள்தான். இந்த சாஃப்ட்வேர் எந்தச் சாரார் என்று மட்டும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விசாரிக்காவிட்டால் உடனே குட்டு உடையுமா என்றால், அதுதான் இல்லை. மண் எவ்வளவு நசுங்கியது என்று பார்க்க எதிரெதிரே இருக்கும் எண்களைக் கூட்டுவார்கள். ஐந்தும் மூன்றும் எட்டு, மூன்றும் ஐந்தும் எட்டு. மாற்றிப் படித்தாலும் விடை கெடாது. எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்க்க ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். ஐந்தில் மூன்று போவதும் மூன்றில் ஐந்து போவதும் ஒன்றா? அங்கேதான் மலை பள்ளமாகும், பள்ளம் மலையாகும்.

சிவலிங்கம் நசுங்கல் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது. அப்புறம் சாய்வைப் படித்தார், தான் படித்த முறைப்படி. மலைப்பக்கம். வழுக்கும் மண் கிண்ணத்தில் சறுக்குவதுபோல் சறுக்கினால் மேலே இருப்பது பின்னால் மலையைப் பார்த்துச் சாயும் என்று பாடத்தில் வேறு படித்திருந்தார். ஆக, எல்லாம் பொருந்திவிட்டது. ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே ஆயாக்கொட்டகைக்குப் போனார்.

"வேலாயி, கவலையே வேணாம். சாஞ்சாலும் மலைப்பக்கம்தான் சாயும். ராஜா மாதிரி இருக்கலாம்."

"நிச்சயமாவா ஐயா? மழை வந்தா தொட்டியவே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு லா."

வேலாயி தொட்டியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

கேட்டறியாதவர்களுக்குள் ஒரு விதி உண்டு: ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் வந்து சேருவார். நாகரத்தினம் வந்தார். இவரும் என்ஜினியர், ரோட்டு வேலைக்காக வந்தவர், மெட்ராசில் படித்தவர். தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பழனியப்பன் தேத்தண்ணி வரவழைத்தார். மேஜைமேல் கிடந்த அச்சுத்தாளை நாகரத்தினம் எடுத்துப் பார்த்தார்.

"சிவம், இது பள்ளத்துப் பக்கம்ல சாயுது?"

"மலைப்பக்கம்."

"என்னய்யா இது. வரிசையில நகர்வு, பத்தியில திசை. உலகம் பூரா அப்படித்தானே?"

"உலகம் பூரான்னா உங்க மெட்ராஸா? பத்தியிலதான் நகர்வு. எங்க புரொபசர் போர்டுல எழுதினது இன்னும் கண்ணுலயே நிக்குது."

"உங்க புரொபசரா இந்த சாஃப்ட்வேரை எழுதினாரு?"

"அப்ப உங்க புரொபசர் எழுதினாரா?"

யார்தான் எழுதினார் என்று இருவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குரல் ஏறியது. இங்கிலாந்து பெரிதா மெட்ராஸ் பெரிதா என்று போய், வெள்ளைக்காரன் கட்டிய பாலமா சோழன் கட்டிய கோயிலா என்று போய், கடைசியில் ஒருவர் மற்றவருடைய மாமனாரைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது. பழனியப்பன் மெதுவாகக் குறுக்கே வந்தார்.

"அப்ப தொட்டி எந்தப் பக்கம் சார் சாயும்?"

"அது வேற விஷயம்!" என்று இருவரும் ஒரே குரலில் அவர்மேல் விழுந்தார்கள். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

இருவருமாக பிரிஞ்சாங் போய் விளக்கப் புத்தகத்தின் உறையைக் கிழித்தார்கள். விளக்கம் சிவலிங்கம் பக்கம் பேசியது. அடுத்த பக்கத்திலேயே போட்டுக் காட்டியிருந்த கணக்கு நாகரத்தினம் பக்கம் பேசியது. விளக்கம் எழுதியவர் ஒருவர், சாஃப்ட்வேர் எழுதியவர் இன்னொருவர் போலிருக்கிறது. இரண்டு பேரும் ஒருநாள்கூட ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இவர்கள் இருவருக்கோ பரம திருப்தி. ஆளுக்கு ஒரு பக்கத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு பிரிந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவலிங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே ஒரு கட்டத்தை எடுத்து, தானே வேண்டுமென்று அதைப் பள்ளத்துப் பக்கம் சாய்த்து, சாஃப்ட்வேரை அட்டவணை போடச் சொல்வது. விடை தெரிந்த கேள்வியைக் கேட்டால் அது எந்தப் பாஷையில் பேசுகிறது என்று புரிந்துவிடும். கால் மணி நேர வேலை. முதல் நாளே செய்திருக்கலாம் என்கிறீர்களா? முதல் நாள் அவருக்குச் சந்தேகம் இல்லையே. இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நாகரத்தினத்தின் மூக்கை உடைக்க ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

கீழே கோஸ் மூட்டை ஏற்றுகிற லோரி உறுமிக்கொண்டிருந்தது. பிரிண்டர் கறகறவென்று தாளைத் துப்பியது. சிவலிங்கம் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே பார்த்தார். பிஸ்கட்டைக் கீழே வைத்தார். எண் நாகரத்தினம் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி ஓட்டினார், இந்த முறை மலைப்பக்கம் சாய்த்து. மறுபடியும் நாகரத்தினம்தான்.

பழைய அச்சுத்தாளை எடுத்துச் சரியாகப் படித்தார். தொட்டி பள்ளத்துப் பக்கம் சாய்கிறது. வேலாயியின் தொட்டில்கள் வரிசையாகக் கண்முன் வந்தன. ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. விடிந்தால் திங்கட்கிழமை, தாய்மார்கள் இருட்டோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து கிடத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

ஓடினார். மனுஷனைக் குறை சொல்வதற்கில்லை, ஓடத்தான் செய்தார். ஆனால் கம்போங் ராஜா ரோட்டில் வளைவுக்கு வளைவு ஜீப்பைத் திருப்பிக்கொண்டே அவர் யோசித்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? தொட்டில்களை எப்படி மாற்றுவது என்றா? அதை ஒரு வளைவில் முடித்துவிட்டார். மிச்ச வளைவெல்லாம், தான் தப்பாகப் படித்ததைச் சொல்லாமல் தொட்டில்களை மாற்றச் சொல்வது எப்படி என்ற ஆராய்ச்சிதான்.

நேரே துரை பங்களாவுக்குப் போய், "உடனே மாத்தணும்," என்றார். துரை காரணம் கேட்பதற்குள், "மழை சார்," என்று சொல்லிவிட்டு லயத்துக்கு வந்தார். பழனியப்பன் ஆட்களைக் கூட்டினார். நனைந்துகொண்டே தொட்டில் கயிறு, பால் பாத்திரம், பாய் எல்லாம் பழைய ஸ்டோருக்குப் போயின. சிவலிங்கமும் ஒரு மூட்டைத் துணியைச் சட்டைக்குள் மறைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். அப்போது வேலாயி பக்கத்தில் வந்து கேட்டாள்.

"போன மாசம் மலைப்பக்கம்னு சொன்னீங்களே ஐயா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் பழனியப்பன் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அது போன மாசக் கணக்கு. இது புதுக் கணக்கு. மழை மாறிப்போச்சு," என்றார்.

"மழை அதே மழைதானே ஐயா," என்றாள் வேலாயி. அவர் காதில் விழாததுபோல் நடந்தார்.

புதன்கிழமை பட்டப்பகலில் தொட்டி விழுந்தது. பள்ளத்துப் பக்கம்தான். ஆயாக்கொட்டகைக் கூரை அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. கொழுந்துக் கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்த தாய்மார்கள், பிள்ளைகள் ஸ்டோரில் இருப்பது நினைவுக்கு வந்தும் நிற்காமல் ஓடி, ஆளுக்கொன்றை வாரி அணைத்துக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகையைக் கேட்டு சிவலிங்கமும் ஓரமாகப் போய் அழுதார்.

அழுது முடித்ததும் மீசையைத் தடவிப் பார்த்தார். மண் ஒட்டவில்லை. மாரியம்மன் திருவிழாவில் துரை அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். சிவலிங்கம் மைக்கைப் பிடித்து, "கணக்குங்கிறது முன்கூட்டியே சொல்லும்," என்று பேசினார். எந்தக் கணக்கு எதை முன்கூட்டிச் சொன்னது என்று விவரிக்கவில்லை. முன்வரிசையில் நாகரத்தினம் பலமாகக் கை தட்டினார். எல்லாப் புகழும் தன் மெட்ராஸ் புரொபசருக்கே என்பது அவர் நினைப்பு. அவரை மட்டும் ஞானி என்று எண்ணிவிடாதீர்கள். அவரும் கேட்டுச் சொன்னவர் இல்லை, குருட்டாம்போக்கில் பட்டது. அடுத்த வருஷமே வேறு ஊரில் வேறு சாஃப்ட்வேரின் தாளைத் தன் வழக்கப்படியே படித்து ஒரு தடுப்புச் சுவரின் சாய்வை நேர் தலைகீழாகச் சொன்னார்.

தோட்டத்தில் புது ஆயாக்கொட்டகை கட்டினார்கள். நல்ல வெளிச்சம், ஒழுகாத கூரை. பின்னால் இருக்கும் சரிவுக்கு சிவலிங்கம்தான் கணக்குப் போட்டார். இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றைக் கட்டத்தைச் சாய்த்துப் பார்த்து, வரிசை எது பத்தி எது என்று உறுதி செய்துகொண்டுதான் போட்டார். சரியான கணக்கு. சரிவு அசையாது. துரையிடம் சொன்னார், துரையும் நம்பினார்.

வேலாயி நகரவில்லை. தாய்மார்களும் அவள் பக்கம். பழைய ஸ்டோரில் சுவர் ஈரம் கசிய, பிள்ளைகள் இருமிக்கொண்டு கிடந்தன. ஒன்றைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பழனியப்பன் கெஞ்சிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் சிவலிங்கமே போனார்.

"வேலாயி, இப்படிப் பிடிவாதம் பிடிக்கலாமா? பிள்ளைங்க இருமுது பாரு. புதுக் கொட்டகை பத்திரம். நான் கணக்குப் போட்டுட்டேன்."

வேலாயி மடியில் கிடந்த குழந்தையின் நெஞ்சைத் தடவிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகம்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. மொத தடவையும் பத்திரம்னுதான் சொன்னீங்க, அங்கதான் விழுந்துச்சு. நடுவுல என்னா மாறிச்சுன்னு நீங்க சொல்லவே இல்ல. இப்ப மறுபடியும் பத்திரம்ங்கிறீங்க. நீங்க சொல்றத நாங்க நேரா எடுத்துக்கணுமா, திருப்பி எடுத்துக்கணுமா? அத மட்டும் சொல்லிடுங்க லா, இன்னிக்கே தொட்டிலத் தூக்கிடறேன்."

'அன்னிக்கு நான் தப்பாப் படிச்சிட்டேன்.' மூன்றே மூன்று வார்த்தை போதும். நான்கு என்றால் நான்கு. சிவலிங்கம் வாயைத் திறந்தார். குழந்தை இருமியது. வாயை மூடினார்.

"கிராணிகிட்ட பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலோ ஆபீசிலோ நீங்கள் "ஒன்றும் கவலைப்படாதே" என்று சொன்னதும், எதிரே இருப்பவர் ஒரு கணம் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் தலையாட்டுகிறாரே, கவனித்திருக்கிறீர்களா? உங்கள் பேச்சை நேராக எடுத்துக்கொள்வதா, திருப்பி எடுத்துக்கொள்வதா என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுகிறாரோ என்னவோ. இன்றைக்கே அவரைக் கேட்டுப் பாருங்களேன். எங்கே, நீங்கள்தான் கேட்க மாட்டீர்களே.